கச்சேரியா, பின்னணியா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு வயலின்காரியின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதிதான். வீட்டில் விசேஷம் வருகிறது, ரெக்கார்டு போடாமல் ஆட்களை உட்காரவைத்துச் சாஸ்திரிய இசை வாசிக்கவைக்க ஆசை, ஆனால் எதை வைப்பது என்று வீட்டுக்குள் சண்டை. முப்பது வருஷமாக வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பேன். நாலு பேர் சேர்ந்த மேற்கத்திய ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஒன்றில் இரண்டாவது வயலினும் என்னுடையதுதான். இரண்டு பக்கமும் பட்டுத் தெளிந்தவள் என்பதால் பதில் சொல்லத் துணிகிறேன்.

கேள்வி: மகளின் திருமண வரவேற்பு மாலையில், மூடிய மண்டபத்தில். முந்நூறு பேர் வருவார்கள். எனக்கு வாய்ப்பாட்டு வேண்டும், என் கணவருக்கு வீணை, மகளுக்கு ஸ்ட்ரிங் குவார்ட்டெட். யார் சொல்வது சரி?

பதில்: மூன்று பேருமே எந்த வாத்தியம் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாசிக்கும் நேரத்தில் அந்த முந்நூறு பேர் என்ன செய்துகொண்டிருக்கப் போகிறார்கள்? வரவேற்பு என்றால் வரிசையில் நிற்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பத்து வருஷமாகப் பார்க்காத சொந்தத்தைப் பார்த்துவிட்டு, ‘அடையாளமே தெரியலையே!’ என்று கத்துவார்கள். கத்தத்தான் வேண்டும், அதற்குத்தானே வந்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே உட்காரப்போகும் இசை எது என்று பாருங்கள். பாதிக் கேள்வி தானாக அடங்கிவிடும்.

வாய்ப்பாட்டு அங்கே வேண்டாம் என்பேன். பாட்டில் சொல் இருக்கிறது, சொல் காதைப் பிடித்து இழுக்கும். இழுத்தும் யாரும் திரும்பவில்லை என்றால் பாடுபவர் குரலைக் கூட்டுவார், மைக் செட்காரர் வால்யூமைக் கூட்டுவார், அதற்கு மேல் விருந்தினர் தங்கள் குரலைக் கூட்டுவார்கள். அரை மணி நேரத்தில் மண்டபமே ஒரு பெரிய சண்டை மாதிரி இருக்கும்.

ஒரு வரவேற்பில் நல்ல பாடகர் ஒருவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தேன். மனிதர் அங்கேயும் தோடி ராகத்தை எடுத்து முக்கால் மணி நேரம் விஸ்தாரமாகப் பாடினார். கீர்த்தனை, நிரவல், ஸ்வரம் எல்லாம் முடிந்து மிருதங்கமும் கடமும், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இறங்கின. மிருதங்கக்காரர் தனியை முடித்துவைக்கும் கடைசி மோராவைக் கட்டிக்கொண்டு வருகிறார், நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போது பக்கத்து மைக்கில், ‘வெள்ளைக் கலர் காரின் உரிமையாளர் உடனே வந்து வண்டியை எடுக்கவும், வழி மறிக்கிறது’ என்று ஓர் அறிவிப்பு. மிருதங்கக்காரரின் கை நிற்கவில்லை, முகம்தான் மாறிப்போயிற்று. அந்த வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கச்சேரிக்குச் சொல்லியிருந்தார், ஆனால் அவருக்குத் தேவையாக இருந்தது பின்னணி இசை. இரண்டும் வேறு வேறு வேலை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வீணை விஷயத்தில் உங்கள் கணவரின் ரசனையை மெச்சுகிறேன், ஆனாலும் இந்த மாலைக்கு வேண்டாம். வீணையின் உயிர் மீட்டிய பிறகு கேட்கும் சத்தத்தில் இருக்கிறது. ஒரு மீட்டில் தந்தியை இழுத்து இழுத்து நாலைந்து ஸ்வரம் வரவழைப்பார்கள், பின்னால் வரும் ஸ்வரம் ஒவ்வொன்றும் முன்னதைவிட மெலிந்திருக்கும். முந்நூறு பேர் பேசும் இடத்தில் மீட்டு மட்டும் ‘டொங்’ என்று விழும், மற்றதெல்லாம் காற்றோடு போய்விடும். மைக்கைக் கூட்டினால் அந்த டொங் பெரிதாகும், அவ்வளவுதான்.

ஊதும் வாத்தியமும் வில் போடும் வாத்தியமும்தான் இந்த இடத்துக்குச் சரி. ஸ்வரம் நீளமாக நிற்கும், பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். புல்லாங்குழலும் வயலினும், கூட ஒரு மிருதங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மகள் சொன்ன குவார்ட்டெட்டும் பொருந்தும். அதில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. மேற்கே இந்த மாதிரி நேரத்துக்கென்றே எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமான் 1733இல் ஒரு பெரிய தொகுப்பை அச்சிட்டார், அதன் பெயரே சாப்பாட்டு மேசை இசை என்ற பொருளில்தான் இருக்கிறது. பின்னணியில் வாசிப்பது கௌரவக் குறைச்சல் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அப்படித் தோன்றியதில்லை. பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, தலையை ஒரு தரம் ஆட்டி, மறுபடி பேச்சைத் தொடர்வார் பாருங்கள், அது போதும் எங்களுக்கு.

கர்நாடகக் கலைஞர்களை அழைத்தால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். இன்றைக்கு நாம் கேட்கும் கச்சேரியின் அமைப்பு, அதாவது வர்ணம், சின்னக் கீர்த்தனைகள், நடுவே பெரிய உருப்படி, தனி, அப்புறம் துக்கடாக்கள் எனப்படும் சின்னப் பாட்டுகள் என்கிற வரிசை, பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியது. உட்கார்ந்து கேட்கிற சபைக்கு அது அற்புதமான ஏற்பாடு. வரவேற்புக்கு அந்த நடுப்பகுதி வேண்டாம். ‘சின்ன உருப்படிகளாக, விறுவிறுப்பாக, தனி இல்லாமல்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மேடைக்கு வந்த பிறகு சீட்டில் எழுதி அனுப்பினால்தான் கோபம் வரும்.

வாய்ப்பாட்டு இல்லாமல் உங்களுக்கு மனசு ஆறாது என்றால், வரவேற்புக்கு முன்னால் நாற்காலி போட்டு, கதவைச் சாத்தி, நெருங்கிய அறுபது பேருக்கு மட்டும் ஒரு மணி நேரம் வையுங்கள். அது கச்சேரி. தோடிகூடப் பாடட்டும்.

கேள்வி: தோட்டத்தில், திறந்த வெளியில், மாலை நான்கு மணிக்கு விழா. குவார்ட்டெட் முடிவாகிவிட்டது. இடையில் ஒரு வீணையும் வைக்கலாம் என்று எண்ணம். என்னென்ன ஏற்பாடு செய்யவேண்டும்?

பதில்: நான்கு மணி என்றால் வெயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அதே நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். இதைச் செய்தவர்களை என் அனுபவத்தில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

வீணையில் தந்திக்கு அடியில் இருபத்துநான்கு மெட்டுகள், அதாவது குறுக்குக் கம்பிகள், உண்டு. அவை மெழுகின் மேல் பதித்தவை. நேர் வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், ஸ்வரஸ்தானம் கெட்டுப்போகும். ஒரு தோட்ட விழாவில் எங்களுக்கு முன்னால் வாசிக்கவேண்டிய வீணைக் கலைஞர், பந்தலின் நிழல் நகர நகரத் தானும் பலகையோடு நகர்ந்துகொண்டிருந்தார். கடைசியில் நிழல் போய் விருந்தினர் காலணி விட்டிருந்த இடத்தில் நின்றது, அவரும் அங்கே உட்கார்ந்தார். காந்தாரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு அந்த மெட்டு வரும் இடங்களையெல்லாம் தந்தியை இழுத்தே சமாளித்தார். பட்டுத் துணியை விசிறியாக்கி வீணைக்கு வீசிக்கொண்டு நின்றது நான்தான்.

வயலின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். அதன் பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை, சூட்டில் விட்டுக்கொடுக்கும். அதனால் தலைக்கு மேல் கெட்டியான நிழல் வேண்டும். குடை போதாது. பந்தலுக்கு மூன்று பக்கம் திரை கட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் காற்று இருக்கிறதே! குவார்ட்டெட்காரர்கள் தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன் என் பெட்டியில் எப்போதும் கிடக்கும், உங்கள் பங்குக்கும் ஒரு டஜன் வாங்கி வையுங்கள். செல்லோவின் அடியில் இரும்பு முள் ஒன்று இருக்கிறது. புல்தரையில் புதையும், பளிங்குத் தரையில் வழுக்கும். பலகை மேடை போட்டு மேலே ஒரு முரட்டு விரிப்பு போட்டுவிட்டால் தொல்லை விட்டது. நாற்காலி நான்குக்கும் கை இருக்கக் கூடாது. வில் போகிற வழியில் நாற்காலியின் கை நின்றால் எப்படி வாசிப்பது? இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இன்றும் சிம்மாசனம் மாதிரி நாற்காலிதான் போடுகிறார்கள்.

இத்தனை செய்தாலும் திறந்த வெளியில் தந்தி வாத்தியத்தின் சத்தம் நாலாவது வரிசைக்கு மேல் போகாது. சுவர் இல்லாததால் திரும்பி வராது. 1749இல் லண்டன் கிரீன் பார்க்கில் நடந்த வாணவேடிக்கைக்கு இசையமைப்பாளர் ஹேண்டெல் இசை எழுதினார். அரசர் இரண்டாம் ஜார்ஜ் ஊதுகிற வாத்தியமும் முரசும் போதும், பிடில் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். ஹேண்டெலுக்கு மனசில்லை. கடைசியில் ஓபோ என்ற ஊதுகுழல் மட்டுமே இருபத்துநான்கு, அதோடு எக்காளமும் கொம்பும் என்று எழுதிக்கொடுத்தார். வயலின்காரியாக இருந்துகொண்டு நான் சொல்லக் கூடாது, ஆனால் அரசர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் நாகஸ்வரமும் தவிலும் அந்த ஜாதிதான், வெட்டவெளிக்கென்றே பிறந்தவை. அதே நாகஸ்வரத்தைத் தாழ்ந்த கூரை உள்ள அறைக்குள் நான்கடி தூரத்தில் உட்காரவைத்தால் கேட்பவருக்குக் காது ரீங்காரமிடும். அதனால் உங்கள் தோட்டத்தில் ஒலிபெருக்கி வேண்டும். இரண்டு பெரிய பெட்டியை மேடையில் வைத்து அலறவிடாமல், சின்னப் பெட்டிகளாக நாலைந்தை விருந்தினர் நடுவே பரத்தி மெதுவாக வைக்கச் சொல்லுங்கள்.

வீணையை என்ன செய்வது? வீட்டுக்குள் ஒரு கூடம் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லை என்றால் வேண்டாம்.

கேள்வி: மணமக்கள் நடந்து வரும்போது வாசிக்க வாக்னரின் ‘பிரைடல் கோரஸ்’ கேட்டிருக்கிறோம். அது அபசகுனம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: சகுனம் எனக்குத் தெரியாது, கதை தெரியும். அது ‘லோஹென்கிரின்’ என்ற ஆபராவில் வருகிறது. 1850இல் முதலில் மேடையேறியது. மணமக்களை அறைக்கு அழைத்துப்போகும்போது பாடும் பாட்டு அது. அன்று இரவே அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்து கல்யாணம் முறிந்துவிடுகிறது! மெட்டுக்கு இதெல்லாம் தெரியாது, நன்றாகத்தான் இருக்கும். உறுத்தினால் மெண்டல்சோன் 1842இல் எழுதிய வெட்டிங் மார்ச் இருக்கிறது. அது விழா முடிந்து வெளியே வரும்போது வாசிப்பது வழக்கம். விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் 1858இல் தன் திருமணத்தில் வாசிக்கவைத்த பிறகு உலகமெல்லாம் பிடித்துக்கொண்டது.

பாகெல்பெல்லின் கேனனைக் கேட்கிறவர்களும் உண்டு. கேளுங்கள், கேட்பதற்குச் சுகமான பாட்டு. ஆனால் அதில் செல்லோவுக்கு எட்டே எட்டு ஸ்வரம், அதையே இருபத்தெட்டு தடவை வாசிக்கவேண்டும். எங்கள் செல்லோக்காரர் அந்தப் பெயரைக் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வார். மணமக்கள் மெதுவாக நடந்தால் இன்னும் கூட.

நம் பக்கத்திலும் இந்தச் சிக்கல் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பதங்கள், ஜாவளிகள் என்ற காதல் பாட்டுகள் பலவற்றில் மெட்டு தேனாக இருக்கும், சாகித்தியத்தில் நாயகி, வேறொருத்தி வீட்டுக்குப் போய்வந்த நாயகனை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருப்பாள். தெலுங்கில் இருப்பதால் நமக்குப் பாதி புரியாது. ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஆசையாகக் கேட்டது அப்படி ஒரு ஜாவளி. பாடகி என்னைப் பார்த்தார், நான் சுருதிப் பெட்டியைப் பார்த்தேன். பல்லவியை மட்டும் பாடிவிட்டு ராகத்துக்குள் நழுவிவிட்டார். உங்களுக்குப் பிடித்த பாட்டின் பொருளை அழைக்கப்போகும் கலைஞரிடமே கேளுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

கேள்வி: என் தம்பி மகள் ஆறு வருஷமாகப் பாட்டு கற்கிறாள். நாங்கள் அழைத்திருக்கும் கச்சேரியின் நடுவே அவள் இரண்டு பாட்டு பாடலாமா? ஆண் பாடகர் ஒருவர் பாடுகிறார்.

பதில்: பாடட்டும், நடுவில் வேண்டாம். அவர் ஒரு கட்டையில் (கட்டை என்றால் சுருதியின் அளவு) பாடுவார், உங்கள் வீட்டுப் பெண் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையில் பாடுவாள். மிருதங்கக்காரர் ஹெச்சுச் சுருதி மிருதங்கத்தோடு வந்திருப்பார், அவளுக்குத் தக்குச் சுருதி மிருதங்கம் வேண்டும். வாரைத் தட்டி அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை மாற்றலாம், அதற்கு மேல் முடியாது. கடம் என்றால் பேச்சே இல்லை, பானைக்குச் சுருதி சூளையிலேயே முடிவாகிவிடும். என் வயலினை நான் ஏற்றிவிடலாம், ஆனால் அவசரமாக ஏற்றிய தந்தி அடங்காது, பாட்டு முடிகிறவரை இறங்கிக்கொண்டே இருக்கும். குழந்தை பிசகிவிட்டாள் என்று பெயர் அவளுக்குத்தான் வரும்.

கச்சேரி தொடங்குவதற்கு முன்னால், சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள். பக்கவாத்தியம் வேண்டும் என்றால் அவள் கட்டையைப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டாவது மிருதங்கம் கொண்டுவருவார்கள்.

கேள்வி: அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவருக்கு வீணை உயிர். வீட்டிலேயே நாற்பது பேர் கூடுகிறோம். சோக ராகமாக, முகாரி போல, வாசிக்கச் சொல்லலாமா? மைக் எந்த மாதிரி வேண்டும்?

பதில்: மைக்கே வேண்டாம். முதல் கடிதத்துக்கு வீணை வேண்டாம் என்று சொன்னேனே, அந்த வாத்தியம் காத்திருப்பது உங்கள் வீட்டுக் கூடத்துக்குத்தான். நாற்பது பேர், நாலு சுவர், தரையில் விரிப்பு. செய்யவேண்டியது ஒன்றுதான், வாசிக்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வீணைக்கு முதல் எதிரி அது. அரை மணி நேரம் வியர்த்தால் பரவாயில்லை.

ராகத்தை நீங்கள் சொல்லாதீர்கள். அப்பா எதை முணுமுணுப்பார், எந்தப் பாட்டு வந்தால் ரேடியோ பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார் என்று சொல்லுங்கள். அது கல்யாணியோ மோகனமோ எதுவாக இருந்தாலும் அதையே வாசிக்கட்டும். சோகத்துக்கு ராகம் தேடவேண்டாம், வருகிறவர்களிடமே அது இருக்கும். இந்த மாதிரி ஒரு கூட்டத்துக்கு, வாசிக்க அல்ல, கேட்கப் போயிருந்தேன். அம்மாவை இழந்த வீடு. துரிதமான ஒரு ஸ்வரஜதி வாசித்தார்கள், அந்த அம்மா சின்ன வயதில் முதன்முதலாகக் கற்றதாம். ஸ்வரம் ஓடும்போது அவருடைய தங்கை தன்னையறியாமல் முழங்காலில் விரல் விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு எண்ணிக்கை தப்பவில்லை.

வீட்டு இசை என்றதும் வாக்னர் மறுபடி வருகிறார், இந்த முறை நல்ல விதமாக. 1870 டிசம்பர் 25 காலையில், லுட்ஸெர்ன் அருகே ட்ரீப்ஷென் என்ற இடத்தில் இருந்த தன் வீட்டின் மாடிப்படியில் சின்ன வாத்தியக் குழுவை நிறுத்தி, தூங்கிக்கொண்டிருந்த மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகப் புதிதாக எழுதிய இசையை வாசிக்கவைத்தார். வீட்டோடு இருக்கட்டும் என்று எழுதியதுதான். பணமுடை வந்து 1878இல் அச்சுக்குக் கொடுத்துவிட்டார் என்பது வேறு கதை. படிக்கட்டில் எத்தனை பேர் நிற்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் அவர் எழுதினார். உங்கள் கூடத்தில் ஒருவர் உட்காரத்தான் இடம் என்றால் ஒருவர் போதும்.

கேள்வி: வீடியோவில் பார்த்துப் பிடித்த குழுவை நம்பி ஏற்பாடு செய்யலாமா?

பதில்: வெட்டி ஒட்டாத ஒரு முழுப் பாட்டு, ஒரே கேமராவில் எடுத்தது இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருக்கும் அதே ஆட்கள்தான் வருவார்களா என்று கேளுங்கள். பின்னால் டிராக் ஓடுமா என்பதையும் கேட்டுவிடுங்கள், சில குழுக்களில் வில் அசையும், சத்தம் பெட்டியிலிருந்து வரும். முக்கால் மணிக்கு ஒரு தரம் ஓய்வு, கை கால் நீட்ட ஓர் அறை, வாத்தியங்களுக்குப் பூட்டு, சுருதிப் பெட்டிக்கு ஒரு பிளக் பாயிண்ட். இவற்றைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

கேள்வி: மங்களம் பாடுவதற்குள் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். கலைஞர்கள் வருத்தப்படாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: வருத்தமெல்லாம் பழகிவிட்டது. மங்களம் இரண்டு நிமிஷம்கூட ஆகாது, வெற்று மண்டபத்துக்கும் பாடிவிட்டுத்தான் எழுந்திருப்போம். நாற்காலி அடுக்குகிற பையன்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், மேடையில் இருக்கிற நாலு நாற்காலியைக் கடைசியாக எடுக்கட்டும்.